சர்வ் வேகம் எங்கே தொலைகிறது?

2025 விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் முதல் சுற்றில் டெய்லர் ஃபிரிட்ஸுக்கு எதிராக ஜியோவானி எம்பெட்ஷி பெரிகார் மணிக்கு 246 கி.மீ. வேகத்தில் ஒரு சர்வ் போட்டார். விம்பிள்டனில் அதுவரை பதிவான சர்வ்களிலேயே வேகமானது அதுதான். ஃபிரிட்ஸ் அதைத் திருப்பினார், பாயின்ட்டையும் எடுத்தார். ஐந்து செட் போன அந்த மேட்சும் அவருக்கே. சர்வ் வேகத்தைக் கூட்டுவது பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. போர்டில் மின்னும் எண்ணை மட்டும் துரத்துகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது தோள்வலியும் டபுள் ஃபால்ட்டும்தான் (இரண்டு சர்வும் தவறி பாயின்ட்டை இழப்பது).

அதற்காக வேகம் வீண் என்று சொல்லவில்லை. கிளப்பில் ஆடும் ஒருவருடைய முதல் சர்வ் 140இலிருந்து 155க்கு ஏறினால், எதிராளியின் ரிட்டர்ன் பாதி கோர்ட்டோடு நின்றுவிடும். கேள்வி, அந்த 15 கி.மீ. எங்கிருந்து வரும் என்பது. கையை இன்னும் பலமாக வீசினால் வரும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வராது. கிரிப் (மட்டையைப் பிடிக்கும் விதம்), டாஸ் (அடிப்பதற்காகப் பந்தை மேலே தூக்கிப் போடுவது), மட்டை மேலே ஏறும் பாதை இந்த மூன்றில் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கும். அதை விடுவித்த பிறகுதான் காலும் தசைப்பயிற்சியும் பலன் தரும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் உழைப்பு வீண்.

அந்த எண் எதைச் சொல்கிறது

ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி ஏற்றுக்கொண்ட அதிவேக சர்வ் ஜான் இஸ்னருடையது: மணிக்கு 253 கி.மீ., 2016 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில், பெர்னார்ட் டோமிக்குக்கு எதிராக. 2012இல் பூசான் சேலஞ்சர் போட்டியில் (முதன்மைச் சுற்றுக்கு ஒரு படி கீழே உள்ள வரிசை) சாம் க்ரோத் போட்ட சர்வ் 263 என்று பதிவானது. அது சேலஞ்சர் போட்டி என்பதால் ஏடிபி கணக்கில் சேரவில்லை. பெண்களில் 2018இல் புடாபெஸ்டில் ஜார்ஜினா கார்சியா பெரஸ் 220 கி.மீ. தொட்டார்.

இந்த எண்கள் எல்லாம் பந்து மட்டையை விட்டுக் கிளம்பியவுடன் ரேடார் பிடித்த வேகம். அதன்பின் பந்து ஒவ்வொரு மீட்டருக்கும் வேகத்தை இழந்துகொண்டே போகிறது. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், விட்டம் ஏழு செ.மீ.க்குள். அந்த எடைக்கு அதன் மேலிருக்கும் ரோமத்துணி காற்றில் பிடிக்கும் பிடி மிக அதிகம். 200 என்று காட்டிய சர்வ், அது விழ வேண்டிய கட்டமான சர்வீஸ் பாக்ஸில் விழும்போது ஏறக்குறைய 140தான் இருக்கும். தரையில் உராய்ந்து எழும்போது இன்னும் கொஞ்சம் போகும். எதிராளியின் மட்டைக்கு வந்து சேர்வது கிளம்பிய வேகத்தில் சுமார் பாதி.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், வேகமான சர்வ்தான் அதிகமாக இழக்கிறது. முதல் சர்வுக்கு முன் வீரர்கள் நான்கு பந்தை வாங்கிப் பார்த்து இரண்டைத் திருப்பிக் கொடுப்பதற்கும் இதுதான் காரணம். ரோமம் எழும்பாத, வழவழப்பான பந்து காற்றில் குறைவாகத் தடைபடும். மாட்ரிட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர், பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். அங்கெல்லாம் காற்று மெலிந்திருப்பதால் அதே சர்வ் சென்னையில் போவதைவிட வேகம் குறையாமல் போய்ச் சேரும். ரேடார் எண் மட்டும் மாறாது.

சென்னையில் மாலை ஆட்டங்களில் 'ஈரக்காற்று கனமாக இருக்கிறது, சர்வ் ஏறவில்லை' என்று சொல்வார்கள். ஈரக்காற்று உண்மையில் உலர்காற்றைவிடச் சற்று லேசானது. வேகத்தைக் குடிப்பது பந்தின் ரோமத்தில் ஏறிய ஈரம். புது டின் உடைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

போனில் அளப்பது

அளக்காமல் வேகத்தைக் கூட்ட முயல்வதில் அர்த்தம் இல்லை, ஏனென்றால் உடம்பு பொய் சொல்லும். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்த சர்வ் வேகமாகப் போனதுபோல் தோன்றும். தளர்வாக அடித்தது மெதுவாகப் போனதுபோல் தோன்றும். அளந்து பார்த்தால் பல சமயம் நேர்மாறாக இருக்கும்.

ரேடார் கன் இருந்தால் பந்து போகும் திசைக்கு நேர்பின்னால் வைக்க வேண்டும். அது தன்னை நோக்கியோ தன்னிடமிருந்து விலகியோ போகும் வேகத்தை மட்டும்தான் பிடிக்கும். 10 டிகிரி விலகினால் எண் 1.5 சதவீதம் குறையும், 20 டிகிரி விலகினால் 6 சதவீதம், 30 என்றால் 13 சதவீதம். கோர்ட் ஓரத்து பெஞ்சிலிருந்து பிடித்த எண்ணை நம்பி வருத்தப்பட வேண்டாம்.

ரேடார் இல்லையென்றால் ஸ்லோமோஷன் வீடியோ போதும். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போனை நெட் கம்பத்துக்கு வெளியே, சர்வ் போடுபவரும் எதிர்ப்பக்கத்து சர்வீஸ் கோடும் (பாக்ஸின் பின்கோடு) தெரியும் தூரத்தில், ஸ்டாண்டில் வையுங்கள். நடுக்கோட்டை ஒட்டி, சர்வீஸ் கோட்டுக்கு அருகில் விழுந்த ஃபிளாட் சர்வ்களை (ஸ்பின் அதிகம் கொடுக்காமல் நேராக அடித்தவை) மட்டும் கணக்கில் எடுங்கள். பந்து மட்டையில் பட்ட ஃபிரேமிலிருந்து தரையில் பட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். 18,650ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் கிளம்பிய வேகம் மணிக்கு கி.மீ. கணக்கில் கிடைக்கும். 150 ஃபிரேம் என்றால் 124. 130 என்றால் 143. 120 என்றால் 155. 100 ஃபிரேமில் விழுந்தால் 187, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த 18,650 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: பந்து போகும் தூரம் சுமார் 18 மீட்டர். அதை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். காற்றில் இழந்ததைச் சேர்த்துக் கிளம்பிய வேகமாக்க அதைச் சுமார் 1.2ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியதுதான் அது. பந்து சர்வீஸ் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே விழுந்துவிட்டால் விடையில் 6 சதவீதம் கழியுங்கள். ஓரமூலைக்குப் போட்ட சர்வ் என்றால் 3, 4 சதவீதம் கூட்டுங்கள். ஒரு ஃபிரேம் தவறாக எண்ணினாலும் ஒன்றரை கி.மீ.க்குள்தான் பிசகும். 30 ஃபிரேம் வீடியோவில் இதைச் செய்தால் ஒரு ஃபிரேமுக்கு 10 கி.மீ. பிசகும், அது வேலைக்கு ஆகாது. வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் தாமாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடும், வீடியோவின் விவரத்தைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

பத்து சர்வ் போட்டு, பாக்ஸுக்குள் விழுந்தவற்றின் சராசரியை எழுதுங்கள். எத்தனை உள்ளே விழுந்தன என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணுக்கு மதிப்பில்லை.

ஒன்றரை டிகிரி

சர்வ் போடுபவர் நிற்கும் பேஸ்லைனிலிருந்து எதிர்ப்பக்கத்து சர்வீஸ் கோடு வரை 18.29 மீட்டர். நடுவில் 91.4 செ.மீ. உயர நெட். பந்து நேர்கோட்டில் போவதாக வைத்துக்கொண்டால், நெட்டை உரசிக்கொண்டு சர்வீஸ் கோட்டில் விழ 2.61 மீட்டர் உயரத்திலிருந்து அடிக்க வேண்டும். குதிக்காமல் மட்டையை நீட்டி அடிப்பவரின் தொடுபுள்ளி ஏறக்குறைய அவர் உயரத்தின் ஒன்றரை மடங்கு. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 2.55 மீட்டர். புவியீர்ப்பு பந்தைக் கீழே இழுப்பதால்தான் நம்மில் பலரால் ஃபிளாட் சர்வை உள்ளே போட முடிகிறது.

வேகம் கூடக் கூட, அந்த இழுப்புக்கு நேரம் போதாது. காற்றின் எதிர்ப்பைச் சேர்த்து, ஸ்பின் இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், 2.6 மீட்டர் உயரத்தில் அடிக்கும் ஒருவருக்கு 140 கி.மீ. வேகத்தில் மேல் கீழாகச் சுமார் 1.75 டிகிரி இடம் இருக்கிறது. அதற்கு மேலே போனால் அவுட், கீழே போனால் நெட். 160இல் அது 1.35 டிகிரி. 200இல் 0.85 டிகிரி. தொடுபுள்ளியை 20 செ.மீ. உயர்த்தினால் 160இல் 1.7 டிகிரி ஆகிவிடும், அதாவது 140இல் இருந்த வசதி கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிடும். 208 செ.மீ. உயர இஸ்னரும் 211 செ.மீ. உயர குரோஷிய வீரர் இவோ கார்லோவிச்சும் ஏன் அப்படி சர்வ் போட்டார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உயரம் இல்லாதவர்கள் வேறு வழியில் ஜெயித்ததும் உண்டு. 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணனை அங்கே கொண்டுபோனது சர்வ் வேகம் அல்ல.

ஆக, கால் தள்ளி மேலே எழும்புவது இரண்டு வகையில் உதவுகிறது: மட்டைக்கு வேகம், பந்துக்கு உயரம். குனிந்த முதுகோடு, வளைந்த முழங்கையோடு அடிப்பவர் அந்த 20 செ.மீ.யை வேறு எங்கும் சம்பாதிக்க முடியாது.

'மேல்நோக்கி அடி' என்று கோச் கத்துவதில் ஒரு குழப்பம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் பந்து கிடைக்கோட்டுக்கு ஐந்தாறு டிகிரி கீழ்நோக்கித்தான் கிளம்ப வேண்டும். மேல்நோக்கிப் போக வேண்டியது மட்டை. கீழே தொங்கும் மட்டைத் தலை மேலே ஏறி வந்து, மிகச் சற்றே கவிழ்ந்த முகத்தோடு பந்தைத் தொடும்போது பந்து முன்னும் சற்றுக் கீழுமாகப் போகிறது, கொஞ்சம் டாப்ஸ்பின்னும் (முன்னோக்கிய சுழற்சி) ஏறுகிறது. அந்த ஸ்பின் பந்தைக் கீழே இழுத்து, மேலே சொன்ன இடத்தை இன்னும் அகலமாக்கும். பந்தைக் கீழே தள்ள வேண்டும் என்று நினைத்து மட்டையை மேலிருந்து கீழே இறக்குபவர்களுக்கு நெட்தான்.

கிரிப்பும் ட்ரேயும்

பந்தின் வேகம், அது படும் இடத்தில் மட்டைக்கு இருக்கும் வேகத்தைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. 160க்கு, பட்ட இடத்தில் மட்டை சுமார் 115 கி.மீ. வேகத்தில் வர வேண்டும். அந்த வேகத்துக்குப் பெரும்பங்கு கொடுப்பது மேற்கை தன் அச்சில் உள்நோக்கிச் சுழல்வது. தோளில் நடக்கும் இந்தச் சுழற்சியோடு முன்கை வெளிப்பக்கம் புரள்வதையும் சேர்த்து கோச்சுகள் 'ப்ரொனேஷன்' என்று சொல்லிவிடுவார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வீரர்களைப் படம்பிடித்து அளந்த ஆய்வில், ஆண்களுக்கு இந்தத் தோள் சுழற்சியின் உச்சம் விநாடிக்கு 2,420 டிகிரி. அதே ஆய்வில் இடுப்பு 440, மேலுடல் 870, முழங்கை நீளும் வேகம் 1,510. கீழிருந்து மேலே ஏற ஏற எண் பெரிதாவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு பாகமும் தனக்கு அடுத்ததை விசிறிவிட்டுத் தான் மெதுவாகிறது.

ஃபோர்ஹேண்ட் கிரிப்பில் (வலக்கைக்காரர் வலப்பக்கப் பந்தை அடிக்கும் பிடி) சர்வ் போட்டால் இந்தச் சுழற்சிக்கு இடமே இல்லை. சுழற்றினால் பந்து இடப்பக்கம் பறக்கும், ஆகவே உடம்பு தானாகவே சுழற்சியை நிறுத்திவிட்டு மட்டையைத் தட்டுகிறது. கிளப்புகளில் 130ஐத் தாண்டாமல் வருடக்கணக்கில் நிற்பவர்களைப் பார்த்தால் முக்கால்வாசி இதுதான். மட்டையை முன்னால் நீட்டி, அதன் விளிம்பு தரையைப் பார்க்கும்படி பிடித்தால் கைப்பிடியின் எட்டுப் பட்டைகளில் மேலிருப்பது 1. அங்கிருந்து வலப்புறமாக எண்ண வேண்டும். வலக்கைக்காரருக்கு ஆள்காட்டி விரலின் அடிமுட்டு 2ஆம் பட்டையில் உட்கார வேண்டும். இதுதான் கான்டினென்டல். இடக்கைக்காரருக்கு 8ஆம் பட்டை.

கிரிப் மாற்றிய முதல் வாரம் வேகம் குறையும், பந்து இடப்பக்கத்து வேலிக்குப் போகும். பழைய கிரிப்புக்கு ஓடிப்போவது இந்தக் கட்டத்தில்தான். ஓடாதீர்கள்.

கிரிப் சரியாக இருந்தும் மட்டை தவறான முகத்தோடு ஏறலாம். வீடியோவில், மட்டை தலைக்குப் பின்னால் இறங்குவதற்கு முந்தைய ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள். மட்டை முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு தட்டுபோல் இருந்தால் அதுதான் கோச்சுகள் சொல்லும் 'வெயிட்டர் ட்ரே'. அங்கிருந்து பந்துக்குப் போகும் பாதையில் சுழல எதுவும் மிச்சமில்லை, மணிக்கட்டால் தள்ள மட்டுமே முடியும். சரியான வழியில் மட்டை தன் விளிம்பைக் காட்டிக்கொண்டு ஏறும். பந்தை விளிம்பாலேயே வெட்டப்போகிறதோ என்று தோன்றும் அளவுக்கு வந்து, கடைசி நொடியில் முகம் திரும்பும்.

இதைப் பழக்க வேலியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மட்டையை ஏற்கனவே தலைக்குப் பின்னால் இறக்கி வைத்துக்கொண்டு சிறிய டாஸ் போடுங்கள். விளிம்பு மேலே ஏறட்டும், முகம் திரும்பட்டும், பட்ட பிறகு அரை மீட்டருக்குள் மட்டையை நிறுத்துங்கள். நின்ற இடத்தில் உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், கட்டைவிரல் கீழே இருக்க வேண்டும், முழங்கை தோள் உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளங்கை தரையைப் பார்த்தால் சுழலவில்லை, மடக்கியிருக்கிறீர்கள். இருபது முறை, அவசரமில்லாமல். பிறகு சர்வீஸ் கோட்டுக்கு வந்து அதே அசைவில் பந்தை எதிர்ப்பக்கத்து பாக்ஸுக்குப் போடுங்கள், அடுத்து கோர்ட்டின் பாதிவழி, கடைசியாக பேஸ்லைன். பேஸ்லைனுக்கு வந்ததும் பழைய தட்டு திரும்பினால் ஒரு படி முன்னால் போங்கள்.

டாஸ்

ஃபிளாட் சர்வுக்கு டாஸ், அடிக்காமல் விட்டால், பேஸ்லைனுக்கு உள்ளே 30 முதல் 50 செ.மீ. தூரத்தில், முன்காலுக்குச் சற்று வலப்பக்கமாக விழ வேண்டும் (இடக்கைக்காரருக்கு இடம்). அங்கே ஒரு துண்டை விரித்து வைத்துச் சோதியுங்கள். பத்துக்கு ஏழு அதில் விழவில்லையென்றால் வேகத்தைப் பற்றிப் பேசுவதை ஒத்திப்போடலாம். பந்து தலைக்குப் பின்னால் போனால் முதுகு வளைந்து, எடை பின்னுக்குப் போய், கை மட்டும் வேலை செய்யும். ரொம்ப வலப்பக்கம் போனால் உடம்பு சாய்ந்து ஸ்லைஸ் (பக்கவாட்டில் சுழலும் சர்வ்) ஆகிவிடும்.

உயரத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தொடுபுள்ளிக்கு 20 செ.மீ. மேலே உச்சம் தொட்டு இறங்கும் பந்து, அந்த இடத்தில் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விழும். ஒரு மீட்டர் மேலே போன பந்து 4.4 மீட்டர் வேகத்தில் விழும். சரியான 10 செ.மீ. இடத்தை முதல் பந்து 50 மில்லிவிநாடியில் கடக்கிறது, இரண்டாவது 22இல். உயர டாஸில் உங்களுக்குக் கூடுதல் நேரம் கிடைப்பது அடிப்பதற்கு முன்னால், அடிக்கும் இடத்தில் நேரம் பாதியாகிறது. கால் மடக்க நேரம் போதாதவர்கள் கொஞ்சம் உயர்த்தலாம், மற்றவர்கள் குறைப்பது நல்லது.

பந்தை விரல்நுனிகளில் பிடியுங்கள், உள்ளங்கையில் வேண்டாம். முழங்கை நேராக, தோளிலிருந்து தூக்கி, கண் உயரத்தில் விடுங்கள். பந்து சுழன்றுகொண்டே போனால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். விட்ட பிறகும் அந்தக் கை மேலேயே ஒரு கணம் இருக்கட்டும். அது சீக்கிரம் விழுந்தால் தோள் சீக்கிரம் திறந்துவிடும், தலையும் கூடவே கவிழும், பந்து நெட்டில்.

கால், இடுப்பு, தோள்

மட்டை பின்னால் இறங்குவது நீங்கள் இறக்குவதால் நடக்கக் கூடாது. கால் தரையைத் தள்ளி உடம்பு மேலே எழும்போது, தளர்ந்த கையும் மட்டையும் பின்தங்கி விழ வேண்டும். ஆகவே நேரம்தான் இங்கே எல்லாம். பலர் முழங்காலை அழகாக மடக்கிவிட்டு, பந்து இறங்குவதற்குள் நிமிர்ந்துவிடுகிறார்கள், அதன்பிறகு கையால் அடிக்கிறார்கள். வீடியோவில், முழங்கால் நீளத் தொடங்கும் ஃபிரேமும் மட்டைத் தலை கீழே விழத் தொடங்கும் ஃபிரேமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சோதனை: கால் இரண்டும் தரையில் பதிந்திருக்க, முழங்கால் மடக்காமல் பத்து சர்வ் அளந்து பாருங்கள். பிறகு முழுக் காலோடு பத்து. இரண்டுக்கும் 5 கி.மீ. வித்தியாசம்கூட இல்லையென்றால் உங்கள் கால் காட்சிக்குத்தான் மடங்குகிறது. அந்த நிலையில் ஜிம்மில் ஸ்குவாட் எடுப்பதால் சர்வ் ஏறப்போவதில்லை, முதலில் நேரம் சரியாக வேண்டும். பின்காலை முன்காலோடு சேர்ப்பதா, அகலமாகவே வைப்பதா என்ற விவாதத்தில் நான் இறங்கவில்லை. இரண்டு வகையிலும் பெரிய சர்வ் உண்டு. டாஸ் நிலையாக இல்லாதவர்களுக்கு அகலமாக வைப்பதே நல்லது, அசைவு ஒன்று குறையும். வலக்கைக்காரர் இடது காலில், கோர்ட்டுக்குள் இறங்க வேண்டும்.

தோளைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உயரமாகத் தொட வேண்டும் என்று கையைக் காதோடு ஒட்டித் தூக்காதீர்கள். தொடும் நேரத்தில் மேற்கைக்கும் விலாவுக்கும் நடுவே 100, 110 டிகிரிதான் இருக்க வேண்டும், அதாவது மேற்கை இரண்டு தோள்களையும் இணைக்கும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. உயரம் கிடைப்பது உடம்பை இடப்பக்கம் சாய்ப்பதால், ஒரு தோள் கீழும் ஒரு தோள் மேலுமாக. கையைத் தூக்கி உயரம் தேடினால் தோள் மூட்டின் மேலிருக்கும் தசைநார் ஒவ்வொரு சர்விலும் எலும்புக்கிடையில் நசுங்கும்.

பிடி இறுக்கத்தைப் பத்துக்கு மூன்று, நான்கில் வையுங்கள். இறுக்கிப் பிடித்த முன்கை சுழலாது. சந்தேகம் இருந்தால் சுண்டுவிரலைக் கைப்பிடிக்கு வெளியே தொங்கவிட்டு நாலு சர்வ் போட்டு அளந்து பாருங்கள். மிதமாக அடித்ததாகத் தோன்றுவதுதான் பல சமயம் நாளின் பெரிய எண்ணாக இருக்கும்.

மட்டையும் நரம்பும்

மட்டை மாற்றினால் வேகம் வரும் என்று கடைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். கனமான மட்டை மெதுவாக வீசப்படும் ஆனால் பந்தை நன்றாகத் தள்ளும், லேசானது வேகமாக வரும் ஆனால் குறைவாகத் தள்ளும். சாதாரண எடை வரம்புக்குள் இரண்டும் கிட்டத்தட்டச் சமனாகிவிடும். நரம்பு இழுவிசையில் 10 பவுண்டு குறைத்தாலும் வேகத்தில் ஓரிரு சதவீதத்துக்கு மேல் பார்க்க முடியாது. சாதாரண 27 அங்குல மட்டைக்குப் பதில் 27.5 எடுத்தால் நுனி வேகமும் ஒரு செ.மீ. உயரமும் கூடும். சர்வுக்கு நல்லது, உடம்பை நோக்கி வரும் பந்துகளில் தொல்லை. விதிப்படி உச்சம் 29 அங்குலம்.

எங்கே படுகிறது என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். நுனியில் வேகம் அதிகம் ஆனால் நரம்பு செத்திருக்கும். கழுத்துப் பக்கம் நரம்பு துள்ளும் ஆனால் வேகம் குறைவு. சர்வுக்கு நடுமையத்துக்குச் சற்று மேலேதான் சிறந்த இடம். அங்கே பட்டதா என்று பார்க்கப் பந்தில் சாக்பீஸ் தூள் தடவி அடியுங்கள், நரம்பில் தடம் விழும்.

உடம்புக்கு வேலை

எறியத் தெரியாதவர் சர்வ் வேகமாகப் போடுவது அரிது. பழைய டென்னிஸ் பந்துகளை பேஸ்லைனிலிருந்து எதிர்ப்பக்கத்து வேலிக்கு மேலே போகும்படி, 45 டிகிரி உயர்த்தி, காலைத் தள்ளி எறியுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், இருபது இருபதாக. கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது ஏற்கனவே இருக்கும், ஆனால் அவர்கள் தட்டையாக எறிந்து பழகியவர்கள், உயர்த்தி எறியப் பழக வேண்டும்.

2 அல்லது 3 கிலோ மெடிசின் பந்தைத் தலைக்கு மேலிருந்து தரையில் அறைவது, பக்கவாட்டில் சுவரில் எறிவது, இரண்டும் மூன்று செட், ஆறு முதல் எட்டு முறை. வேகம் குறைந்த எறிதல் கணக்கில் சேராது, களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

கையை வேகப்படுத்தும் தசை எவ்வளவு வளர்கிறதோ, பந்து பட்ட பிறகு அதை நிறுத்தும் பின்தோள் தசையும் வளர வேண்டும். வெளிச்சுழற்சி பலம் உட்சுழற்சி பலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும் என்பது பிசியோதெரபிஸ்டுகள் பார்க்கும் அளவு. ரப்பர் பேண்டைக் கதவில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வெளிப்பக்கம் இழுப்பது 15 முறை மூன்று செட், பிறகு அதையே கையை 90 டிகிரி தூக்கி வைத்துக்கொண்டு. சலிப்பான வேலை, அதனால்தான் யாரும் செய்வதில்லை.

முழுவேக சர்வ் ஒரு நாளைக்கு 60, 70க்கு மேல் வேண்டாம், அடுத்தடுத்த நாட்களிலும் வேண்டாம். பத்துப் பத்தாகப் போட்டு, நடுவில் இரண்டு நிமிடம் விடுங்கள். முதல் பத்தின் சராசரியைவிட 5 கி.மீ. விழுந்துவிட்டால் அன்றைக்கு வேகப் பயிற்சி முடிந்தது, மீதி நேரத்துக்கு இரண்டாவது சர்வைப் பாருங்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இதில் பாதி. மேட்சில், பயிற்சியில் எட்டிய உச்சத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் கீழே ஆடுங்கள். பத்தில் ஆறு உள்ளே விழும் வேகம் எதுவோ அதுதான் உங்கள் முதல் சர்வ் வேகம். தோளின் முன்பக்கத்திலோ முழங்கையின் உட்பக்கத்திலோ வலி அடுத்த நாள் காலையிலும் இருந்தால் சர்வை நிறுத்திவிட்டு, வீடியோவில் முதலில் அந்த 100 டிகிரியையும் டாஸ் பின்னால் போகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் பிசியோவிடம் காட்டுங்கள்.